பதினோராம் பொருத்தம்

தை பிறக்கப் போகிறது என்றால் நமது சங்கத்தின் வரன் பதிவேட்டிற்கு ஓய்வு கிடையாது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை அப்பதிவேட்டின் முன் அமர்ந்திருப்பது மூன்று ஆண்டுகளாக நமக்கு வாய்த்திருக்கும் தொண்டு. வாரத்தில் ஆறு நாள் ரெயில்வே டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னே அமர்ந்து, ஊருக்குப் போகிறவர்களுக்கு இடம் தேடிக் கொடுக்கிறோம். ஏழாம் நாள் சங்கத்து மேசைக்குப் பின்னே அமர்ந்து, பெண்ணையும் பிள்ளையையும் பெற்றவர்களுக்கு நல்ல இடம் தேடிக் கொடுக்கிறோம். இரண்டிலும் காத்திருப்போர் பட்டியல் நீளமானதுதான்.

தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும், இப்பால் கல்யாண், டோம்பிவிலியிலிருந்தும் பெற்றோர் வருகின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்கு மனப்பாடம். நட்சத்திரம் என்ன, குலதெய்வம் எது, பையனுக்குச் சம்பளம் எவ்வளவு, குடியிருக்கும் வீடு சொந்தமா வாடகையா, பெண்ணுக்கு இந்தி பேச வருமா, ஊரில் நிலம் நீச்சு உண்டா. பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு தட்டிற்றென்றால் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்துவிடுகிறவர்களும் உண்டு. 'தீய பழக்கங்கள்' என்றொரு கட்டமும் நமது படிவத்தில் இருக்கிறது. இம்மூன்றாண்டில் அக்கட்டத்தில் 'இல்லை' என்பதைத் தவிர வேறொரு சொல்லை நாம் கண்டதில்லை. மும்பைத் தமிழ் இளைஞர் ஒருவர் தவறாமல் உத்தமர் என்பது குறித்துச் சங்கம் பெருமைப்படலாம்.

ஆனால் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. மணம் பேசி முடித்த ஆணும் பெண்ணும், எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் உண்டா இல்லையா என்று பரிசோதித்துக்கொண்டனரா என்பதே அது. இவ்விதழைக் குடும்பத்துப் பெண்டிரும் வளர்ந்த பிள்ளைகளும் படிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். அறிந்தே எழுதுகிறோம், அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

நமக்கு நெருங்கிய உறவில் ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் முறையையும் வெளியிடோம். அவருடைய கதையை எழுதிக்கொள்ள அவரே இசைவு தந்தார். 1996ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், அவர் வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளை மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், நல்ல உழைப்பாளி. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருந்திற்று. 'மாங்கல்ய பலம் கெட்டி' என்றார் ஜோதிடர். 2001இல் கணவர் இறந்தார். விடாத காய்ச்சல், பேதி, எலும்பும் தோலுமாக இளைத்துப் போதல். ஊரில் காசநோய் என்றே சொல்லிக்கொண்டனர். மருத்துவமனையில் மனைவியின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. அம்மையாருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இடுப்பில் இரண்டரை வயதுப் பெண்குழந்தை. அக்குழந்தைக்குக் கிருமி இல்லை. அதைத் தெய்வச் செயல் என்பார் உண்டு. தற்செயல் என்பதே நமது எண்ணம்.

நாம் அந்நாளில் பள்ளிச் சிறுவர். அவருக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் திண்ணைக் கோடியில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை நம் கண்ணாற் கண்டோம். 'அதைத் தொடாதே' என்று நமக்குச் சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்மை வளர்த்தவர்கள். ஒரே தட்டில் உண்பதாலோ, தொடுவதாலோ, கொசுக்கடியாலோ இக்கிருமி பரவாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பாதுகாப்பற்ற உடலுறவாலும், பரிசோதிக்கப்படாத இரத்தத்தாலும், ஒருவர் குத்திக்கொண்ட ஊசியை மற்றவர் குத்திக்கொள்வதாலும், கிருமியுள்ள தாயிடமிருந்து கருவிலோ பேற்றிலோ பாலிலோ குழந்தைக்கும் பரவும். இவற்றைத் தவிர வேறு வழியில்லை.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று, ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கும் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கிற்று. தொடக்கத்தில் மருந்து கிடைத்த சில மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அம்மையார் மாதந்தோறும் இரவு வண்டியேறி அங்கே போய் மருந்து வாங்கி வந்தார். இன்று ஐம்பதை நெருங்குகிறார். தையல் இயந்திரங்கள் இரண்டு வைத்துத் தொழில் நடத்துகிறார். மகள் பட்டதாரி. ஒரு முறை அவர் நம்மிடம் சொன்னார்: "எனக்கு யாரும் மோசம் செய்யவில்லையப்பா. அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லத்தான் எங்களுக்கு ஒருவரும் இல்லை."

இக்கிருமி நம் நாட்டில் உண்டென்று முதன் முதலாக அறியப்பட்டது 1986இல், சென்னையில். மராத்தியக் குடும்பத்தில் சென்னையிலேயே பிறந்தவரான டாக்டர் சுனிதி சாலமன் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவருடைய மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் அது தென்பட்டது. 'இந்தியாவிலா, அதுவும் நமக்கா' என்று அன்று வியந்தவர் பலர். 2023ஆம் ஆண்டின் அரசு மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 25 லட்சம் பேர் நாட்டில் இக்கிருமியோடு வாழ்கின்றனர். வயது வந்தோரில் ஆயிரத்திற்கு இருவர் என்பது கணக்கு. இருவர்தானே என்று சொல்லலாம். நமது திருநெல்வேலி வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறுகின்றனர். அவர்களுக்கு டிக்கெட் கொடுக்கிற நமக்கு ஆயிரத்தில் இருவர் என்பது வெறும் எண்ணாகத் தோன்றுவதில்லை, இரண்டு இருக்கையாகத் தோன்றுகிறது.

நெடுந்தொலைவு லாரி ஓட்டுநரையும் பிழைப்புக்காக இடம் பெயர்ந்து வாழும் தொழிலாளரையும், தொற்று ஏற்பட வாய்ப்பு மிகுந்தோராகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே கவனித்து வருகிறது. இதைக் கேட்டுச் சினம் கொள்ள வேண்டா. பதினெட்டு வயதில் ஊரை விட்டு வந்து, எட்டுப் பேர் உறங்கும் அறையில் பத்தாவது ஆளாகப் படுத்து, கேட்பாரின்றி வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் வாழ்வில் என்றோ நேர்ந்த ஒன்றை நீதிபதியாக இருந்து விசாரிப்பது நமது நோக்கமன்று. திருமணத்துக்கு முன் ஒரு துளி இரத்தம் கொடுப்பது மட்டுமே நாம் வேண்டுவது.

இங்கே நாம் செய்த பிழையொன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு ஆடி மாதச் செயற்குழுவில், வரன் படிவத்தில் புதியதொரு கட்டம் சேர்க்கலாம் என்று நாம் யோசனை கூறினோம். 'எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று இணைக்கப்பட்டுள்ளதா?' என்பது அக்கட்டம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கும் பெரியதொரு சீர்திருத்தம் தோன்றிற்றே என்று நமக்குள் ஓர் உவகை. செயற்குழுவும் கைதட்டிற்று. அடுத்த ஞாயிறன்று, நமது உறுப்பினர் ஒருவரின் மகள், அரசு மருத்துவமனைப் பரிசோதனை மையத்தில் ஆலோசகராகப் பணிபுரிகிறவர், மேசைக்கு வந்தார்.

"அண்ணா, சான்று கொண்டுவருகிறவர்கள் எல்லாருக்கும் 'இல்லை' என்றுதான் இருக்கும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவரைப் பற்றி இந்த மண்டபத்தில் என்ன பேசிக்கொள்வார்கள்?" என்று கேட்டார்.

நாம் விழித்தோம்.

"ஒருவருடைய முடிவை இன்னொருவரிடம் சொல்ல எனக்கே அனுமதியில்லை. நீங்களோ அதைப் பதிவேட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் புரட்டும்படி மேசைமேல் வைக்கப் போகிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னது சட்டம். 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒருவருடைய இசைவின்றி அவரைப் பரிசோதிக்கலாகாது. அவருடைய இசைவின்றி முடிவை வெளியிடலாகாது. கிருமி உண்டென்ற காரணத்தால் வேலையோ பள்ளியோ வாடகை வீடோ மறுக்கலாகாது. கிருமியுள்ளவர் தம்மிடமிருந்து பிறருக்குத் தொற்றாதபடி தக்க முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. அடுத்த செயற்குழுவில் நமது யோசனையை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டோம். கைதட்டல் இல்லை.

'அப்படியானால் பெண் வீட்டாருக்கு அறியும் உரிமை இல்லையா?' என்று ஒரு பெரியவர் கேட்டார். நேர்மையான கேள்வி. உச்ச நீதிமன்றமே இதில் தடுமாறியிருக்கிறது. மருத்துவர் ஒருவர் உறவினருக்காக இரத்தம் கொடுக்கப் போன இடத்தில் அவருக்குக் கிருமி இருப்பது தெரிந்து, அச்செய்தி மருத்துவமனையிலிருந்து கசிந்து, 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். மணப்பெண்ணின் உயிர் காக்க வேண்டியதாதலின் செய்தியைச் சொன்னது குற்றமன்று என்று 1998இல் நீதிமன்றம் கூறிற்று. அதோடு நில்லாமல், இத்தகையோருக்குத் திருமணம் செய்துகொள்ளும் உரிமையே இல்லையென்னும்படியும் எழுதிற்று. திருமணம் பற்றிய அப்பகுதி வழக்கிற்குத் தேவையற்றதென்று 2002இல் அதே நீதிமன்றம் அதை ஒதுக்கி வைத்தது.

'பேசாமல் சட்டம் போட்டு எல்லாரையும் கட்டாயமாகப் பரிசோதித்துவிட்டால் என்ன?' என்பாரும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 1988இல் அதைச் செய்து பார்த்தது. பரிசோதனைக்கு அஞ்சியவரும் செலவுக்கு அஞ்சியவருமாக ஏராளமானோர் பக்கத்து மாநிலங்களுக்குப் போய்த் தாலி மாற்றாக மோதிரம் மாற்றிக்கொண்டு வந்தனர். அகப்பட்ட தொற்றோ மிகச் சில. 1989இலேயே சட்டத்தை நீக்கிவிட்டனர். கல்யாணத்திலிருந்து கல்யாணத்துக்காகக் கர்நாடகத்திற்கு வண்டியேறும் கூட்டத்தை நமது டிக்கெட் ஜன்னலில் நினைத்துப் பார்த்தோம், வேண்டவே வேண்டா.

ஜாதகம் என்பது பெரியவர் கையிலிருந்து பெரியவர் கைக்குப் போவது. இந்தச் சீட்டு அப்படிப் போகலாகாது. இது பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இடையில், அவ்விருவர் கையோடு நிற்க வேண்டியது. இருவரும் ஒன்றாகப் போக வேண்டும். ஒருவர் மட்டும் போதாது. 'பெண்ணுக்கு வேண்டுமானால் பார்த்துவிடுங்கள், என் பையனைப் பற்றி எனக்குத் தெரியாதா' என்று பிள்ளையைப் பெற்ற ஒருவர் நம்மிடம் சொன்னார். அவருக்குத் தெரியாது. நம்மைப் பற்றி நம் தந்தையாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் இருவரும் இப்பேச்சை எப்படித் தொடங்குவது? அதற்குத்தான் இக்காலத்துக் கைப்பேசி வாய்த்திருக்கிறது. இவ்வாண்டு வைகாசியில், இரவுப் பணி முடித்து மேடைத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்த நம்மிடம், அம்பர்நாத்தில் இயந்திரப் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்தார். நமது பதிவேட்டின் வழியே அவருக்கு நெல்லைச் சீமையில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் பள்ளி ஆசிரியை.

"அண்ணாச்சி, ஒரு சங்கடம். அவள் போனில் ஒரு டாக்டரம்மா பேசுகிற வீடியோவை அனுப்பியிருக்கிறாள். எய்ட்ஸ் சம்பந்தமாக. என்மேல் சந்தேகமா என்று கேட்டுவிட்டேன். மூன்று நாளாகப் பேச்சில்லை."

"அதோடு என்ன எழுதியிருந்தார்?"

காட்டினார். 'நான் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். நீங்களும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேரும் சொல்லிக்கொள்வோம்' என்றிருந்தது.

"தம்பி, உன்னைக் கேட்குமுன் தன்னைத்தானே முதலில் சொல்லியிருக்கிறார். வீடியோவை முழுவதும் பார்த்தாயா?"

தலைப்பை மட்டுமே பார்த்திருந்தார். பத்தொன்பது நிமிடப் பேச்சு அது. கல்யாணிலிருந்து அம்பர்நாத் போகும் வண்டியில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கத் தொடங்கி, இறங்கிய பிறகும் மேடை இருக்கையில் அமர்ந்து பார்த்து முடித்ததாகப் பிறகு சொன்னார். பெற்ற தாயிடமோ, உடன் வேலை செய்கிறவரிடமோ கேட்க முடியாத பல ஐயங்களுக்கு அதில் விடை இருந்ததாம். இருக்காதா பின்னே! நமது வீடுகளில் இதைச் சொல்லித் தரும் வழக்கமே இல்லை. பள்ளியில் அப்பாடம் வந்தபோது ஆசிரியர் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைத் திருப்பியது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2007 டிசம்பர் முதல் நாள் தில்லியிலிருந்து 'ரெட் ரிப்பன் எக்ஸ்பிரஸ்' என்று ஒரு தனி வண்டியை ரெயில்வேயும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து விட்டன. கண்காட்சிப் பெட்டிகளும், தனியே அமர்ந்து பேச ஆலோசனை அறைகளும் கொண்ட அவ்வண்டி நிலையம் நிலையமாக நின்று நின்று நாட்டைச் சுற்றிற்று. 2009இலும் 2012இலும் மறுபடியும் புறப்பட்டது. அன்று வண்டி நம் ஊருக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அதே பாடம் சட்டைப் பையில் இருக்கிறது. எனினும் எச்சரிக்கை தேவை. அதே கைப்பேசியில் 'நாற்பத்தெட்டே நாளில் எய்ட்ஸ் பூரண குணம்' என்று வேரும் பொடியும் விற்கிறவர்களும் பேசுகின்றனர். பேச்சின் முடிவில் எவர் ஒரு மருந்தை விற்கிறாரோ, எவர் பூரண குணம் என்கிறாரோ, அவரை அங்கேயே நிறுத்திவிடலாம். அரசு அமைப்புகளும் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் தரும் பாடங்களையே நம்புக. படித்தும் தெளியாத ஐயமிருந்தால் 1097 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனை என்பது அச்சுறுத்தும் காரியமன்று. அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே மையங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை தொங்கும். காசு வாங்குவதில்லை. முதலில் ஆலோசகர் தனியே அமர்த்திப் பேசுவார், இசைவு கேட்பார், சிறிதளவு இரத்தம் எடுப்பர், பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். முதற் சோதனையில் ஐயம் தோன்றினால், வேறு வகைக் கருவிகளால் மேலும் இரு முறை பார்த்த பிறகே உண்டென்று சொல்வர். ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். கிருமி உடலில் புகுந்த சில வாரங்கள் வரை சோதனையில் அகப்படாமல் இருக்கக்கூடும். ஆகவே அண்மையில் ஐயத்திற்கிடமான நிகழ்ச்சி ஏதேனும் இருந்தால் அதை ஆலோசகரிடம் மறைக்காமல் கூறி, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்துக்கொள்வது நலம். அதனால்தான் பத்திரிகை அடித்த பிறகு ஓடாமல், நிச்சயம் ஆனவுடனேயே போகும்படி சொல்கிறோம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, மேகநோய் இவற்றுக்கும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

உண்டென்று வந்துவிட்டால்? நமது அம்மையாரின் காலம் இதுவன்று. 2017 முதல், கிருமி கண்ட உடனேயே மருந்து தொடங்கலாம் என்பது அரசின் நடைமுறை. நாள்தோறும் தவறாது மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்து அந்நிலையிலேயே நீடித்தால், உடலுறவின் மூலம் அது துணைவருக்குத் தொற்றுவதில்லை. ஒருவருக்குக் கிருமி உள்ள, மற்றவருக்கு இல்லாத இணையர் நூற்றுக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்து, 2016இல் முடிவு வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில் அவ்வாறு ஒரு தொற்றுகூட நேரவில்லை. மருத்துவமின்றிப் போனால் தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை பரவக்கூடியது, தக்க மருத்துவத்தால் ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. திருமணத்தைத் தொடர்வதா, தள்ளி வைப்பதா, விலகுவதா என்பதை அவ்விருவரும் ஆலோசகரோடு அமர்ந்து தீர்மானிக்கலாம். விலகுவோர் உண்டு, அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அறிந்தும் சேர்ந்து வாழ்வோரும் உண்டு. டாக்டர் சுனிதி சாலமன், 2015இல் மறையும் முன்பு, கிருமியுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் தாமே வரன் பார்த்து மணம் முடித்து வைத்தார். நமது பதிவேட்டுக்கு முன்னோடி அவர் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நாம் அதற்குத் தகுந்தவராகவில்லை.

இப்போது சங்கத்தில் நாம் செய்வது இவ்வளவே. நிச்சயம் ஆயிற்று என்று பதிவேட்டில் பெயரை அடிக்க வருகிறவர்களிடம், பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என இரண்டு உறைகளைத் தருகிறோம். உள்ளே, அருகிலுள்ள மையங்களின் முகவரியும், 1097 என்ற எண்ணும், மேலே சொன்னவற்றின் சுருக்கமும் இருக்கும். உறைகளைப் பெற்றோர் பிரித்துப் படித்தாலும் பாதகமில்லை, அவர்களும் அறிந்துகொள்ளட்டும். திரும்ப எதையும் நாம் கேட்பதில்லை. ஒரு தாயார் உறையை வாங்காமலே போய்விட்டார். அடுத்த வாரம் ஆளனுப்பி வாங்கிக்கொண்டார்.

அம்பர்நாத் இளைஞர் ஒரு சனிக்கிழமை காலை மையத்துக்குப் போனார். துணைக்கு வரும்படி கேட்டதால் வாயில் வரை போனோம், உள்ளே போகவில்லை. முக்கால் மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம். வெளியே வந்தவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மதிலோரமாகப் போய்ப் பேசினார். நெடுநேரம் பேசினார். ஆவணியில் ஊரில் திருமணம் நடந்தது. நாம் தாதர் – திருநெல்வேலி வண்டியில் போயிருந்தோம். சீட்டில் என்ன கண்டிருந்தது என்று நாமும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முகூர்த்தத்திற்கு முந்திய இரவு மாப்பிள்ளை நம்மைத் தேடிவந்து, மும்பைக்குத் திரும்ப எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டும் உறுதியாகிவிடுமா என்று மட்டும் கேட்டார். காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. உறுதியாகிவிட்டன.